ஒத்திகைக் குறியை ஸ்கோரைப் பார்த்து வைக்காதீர்கள், பார்ட்டைப் பார்த்து வையுங்கள்

நீங்கள் மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். மாணவர் ஆர்கெஸ்ட்ரா ஒன்றுக்காக மூன்று பகுதிகள் கொண்ட படைப்பை மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் எழுதி முடித்திருக்கிறீர்கள். பத்து பாருக்கு (தாள அளவுக்கு) ஒன்றாக ஒத்திகைக் குறிகளை, அதாவது “இங்கிருந்து தொடங்குவோம்” என்று ஒத்திகையில் சொல்ல உதவும் எழுத்துகளை அல்லது எண்களை, மென்பொருளே போட்டுக்கொள்ள வழி உண்டா என்பது முதலாவது. எழுத்து நல்லதா, எண் நல்லதா என்பது இரண்டாவது. நீங்கள் கட்டம் கட்டிப் போட்ட ‘ஏ’, ‘பி’ எல்லாம் புல்லாங்குழல் பார்ட்டில், அதாவது அந்த வாத்தியக்காரர் பார்த்து வாசிக்கும் தனித் தாளில், மட்டும் தெரிகின்றன, மற்றவர்களுடையதில் காணவில்லை என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் இருக்கிற கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இந்தக் குறி யாருக்காக, எங்கே வைத்தால் அவருக்கு உதவும்? மென்பொருள் விஷயம் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இடம் தேர்வதில்தான் வேலை இருக்கிறது.

ஆர்கெஸ்ட்ராக்களுக்குப் பார்ட் தயாரித்துக் கொடுப்பது பல வருடங்களாக என் தொழில். அதற்கு முன் இரண்டாம் வயலின் வரிசையில், கடைசி ஸ்டாண்டில் உட்கார்ந்து வாசித்தவன். ஓபெராவுக்கும் மேடை மியூசிக்கலுக்கும் தனி வழக்கங்கள் உண்டு. அவற்றில் எனக்குப் பழக்கம் போதாது, ஆகவே கச்சேரி மேடை ஆர்கெஸ்ட்ராவோடு நிறுத்திக்கொள்கிறேன். மென்பொருள்களின் மெனு இடங்களும் பதிப்புக்குப் பதிப்பு நகர்கின்றன. நான் சொல்லும் இடத்தில் ஒரு கட்டளை இல்லையென்றால் அதன் பெயரைத் தேடிப் பாருங்கள்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் போட்டது ஒத்திகைக் குறியே அல்ல. ஸ்டாஃப் டெக்ஸ்ட் என்ற சாதாரண எழுத்தைத் தட்டி அதைச் சுற்றிக் கட்டம் வரைந்திருக்கிறீர்கள். ஸ்டாஃப் டெக்ஸ்ட் என்பது அது ஒட்டியிருக்கும் வரிக்கு மட்டுமே சொந்தம். எல்லா வாத்தியங்களும் ஒன்றாக எழுதப்பட்ட ஸ்கோரில் மேல் வரி புல்லாங்குழல் என்பதால் அது அங்கே ஒட்டிக்கொண்டது, புல்லாங்குழல் பார்ட்டோடு போய்விட்டது. ஸ்கோரைப் பார்க்கும் உங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். மென்பொருளுக்கு அவை வேறு வேறு சரக்கு. அவற்றையெல்லாம் அழித்துவிட்டு, பாரைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எம் அழுத்துங்கள். மேக் கணினியில் கமாண்ட் எம். அப்படி வருவதுதான் நிஜமான குறி. அது எல்லாப் பார்ட்டுகளிலும் தானாகவே தோன்றும். அதைவிட முக்கியமாக, ஓய்வில் இருப்பவரின் பார்ட்டில் நீண்ட ஓய்வை அந்த இடத்தில் உடைக்கும்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. இசையமைப்பாளர்கள் ஒத்திகைக் குறியை ஆர்கெஸ்ட்ரா நடத்துநரின் வசதிக்கான ஒன்று என்று நினைக்கிறார்கள். நடத்துநர் முன்னால் முழு ஸ்கோர் விரிந்திருக்கிறது. யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், குறியே இல்லாவிட்டாலும் அவர் தொலைந்துபோக மாட்டார். தொலைந்துபோவது பின்வரிசையில் இருக்கும் டிரம்போன்காரர், டியூபாக்காரர், ஹார்ப் வாசிப்பவர், தாளவாத்தியக்காரர். அவர்கள் முன்னால் இருப்பது சொந்தப் பார்ட் மட்டும். அதில் பெரும்பகுதி வெறும் ஓய்வு. 1893-இல் முதலில் ஒலித்த டிவோர்ஷாக்கின் ‘நியூ வேர்ல்ட்’ சிம்பொனியில் சிம்பல்காரர் தட்டுவது ஒரே ஒரு முறை, அதுவும் கடைசிப் பகுதியில். அவர் அன்று மாலை செய்யும் வேலை சிம்பல் தட்டுவது என்பதைவிட எண்ணுவது என்றுதான் சொல்ல வேண்டும்.

உங்கள் முதல் பகுதியையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 214 பார். டிரம்போன்கள் 22-ஆம் பார் வரை வாசித்துவிட்டு 119-இல்தான் திரும்ப வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இடையில் 23 முதல் 118 வரை 96 பார் ஓய்வு. குறியே இல்லாவிட்டால் பார்ட்டில் ஒரு தடித்த கோடும் அதன்மேல் 96 என்ற எண்ணும் மட்டும் இருக்கும். ஒத்திகையில் நடத்துநர் 87-ஆம் பாரிலிருந்து தொடங்க விரும்பினால், டிரம்போன்காரர் 96-இல் 64 போய்விட்டது, மீதி 32 என்று மனக்கணக்குப் போட்டாக வேண்டும். அவர் போடுவதற்குள் நடத்துநரின் கோல் இறங்கி இசை தொடங்கிவிடும். பிறகு அவர் பக்கத்து ஆளைப் பார்ப்பார், பக்கத்து ஆள் இவரைப் பார்ப்பார், 119-இல் யாரும் வர மாட்டார்கள்.

இப்போது நீங்கள் கேட்ட மாதிரி பத்து பாருக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 11, 21, 31 என்று குறிகள் விழும். டிரம்போன் ஓய்வு 8, பிறகு எட்டு முறை 10, கடைசியில் 8 என்று உடையும். எண்ணிப் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் 61-இலோ 71-இலோ காதில் எதுவும் மாறாது. ஒரு மெட்டின் நடுவில் குறி விழும், இன்னொரு குறி ஒரு நீண்ட சுரத்தின் வாலில் விழும். எண்ணிக்கையில் ஒரு முறை சறுக்கினால் பிடித்துக்கொள்ளக் கிளை இல்லை. பத்து, பத்து, பத்து என்று ஒரே அளவில் எட்டு கட்டங்கள் வரிசையாக இருக்கும்போது தான் எந்தப் பத்தில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

மூன்றாவது வழி. 41-இல் ஓபோ புதிய மெட்டைத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 57-இல் சுருதி மாறுகிறது. 74-இல் தந்தி வாத்தியங்கள் வில்லை நடுக்கி வாசிக்கத் தொடங்குகின்றன. ஒரு மௌனத்துக்குப் பிறகு 92-இல் புதிய வேகம் பிறக்கிறது. 111-இல் டிம்பனி முரசு விடாமல் அதிரத் தொடங்குகிறது. இந்த ஐந்து இடங்களிலும், டிரம்போன்கள் ஓயும் 23-இலும் குறி வையுங்கள். டிரம்போன் பார்ட்டில் ஓய்வு 18, 16, 17, 18, 19, 8 என்று உடையும். கூட்டினால் அதே 96. ஆனால் இப்போது ஒவ்வொரு எண்ணின் முடிவிலும் காதில் ஒரு மாற்றம் கேட்கிறது. பதினேழில் ஒன்று தவறவிட்டாலும் நடுக்கம் தொடங்கியதும் அவர் தன்னைச் சரிசெய்துகொள்வார். 92-க்கு ‘எஃப்’ என்று பெயர் வந்திருந்தால், நடத்துநர் “எஃப், அதற்கு ஐந்து பார் முன்னால்” என்பார். டிரம்போன்காரர் பதினெட்டில் பதின்மூன்றைத் தள்ளிவிட்டு ஐந்தை எண்ணுவார். கோல் இறங்குவதற்குள் இது முடிந்துவிடும்.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் முறை இது. எல்லாச் சுரங்களும் எழுதி முடிந்த பிறகு, மிக நீண்ட ஓய்வுள்ள இரண்டு மூன்று பார்ட்டுகளை முதலில் அச்சிடுவேன். ஸ்கோரில் பென்சிலால் குறிகளை உத்தேசமாகப் போட்டு, அந்தப் பார்ட்டுகளில் ஓய்வு எப்படி உடைகிறது என்று பார்ப்பேன். இருபத்தைந்து பாருக்கு மேல் உடையாமல் ஓய்வு நின்றால், அதற்குள் காதில் விழும் நிகழ்வு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் அங்கே ஒரு குறி. ஸ்கோரின் பார்வையில் அது அவ்வளவு முக்கியமான இடமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு விதிவிலக்கும் உண்டு. எதுவுமே மாறாத இடத்திலும் குறி வேண்டியிருக்கும். ஒரே உருவத்தை முப்பது நாற்பது பார் தொடர்ந்து வாசிப்பவர், ஓய்வில் இருப்பவரைவிட வேகமாகக் கணக்கைத் தொலைப்பார். ஓய்வில் இருப்பவராவது எண்ணுவதை மட்டும் செய்கிறார், இவர் கையும் ஓட வேண்டும். இதற்கு எல்லோருக்கும் தெரிந்த சான்று ராவெலின் ‘பொலேரோ’. 1928-ஆம் ஆண்டுப் படைப்பு, 340 பார், தொடக்கத்திலிருந்து கடைசிவரை சிறு டிரம்மில் ஒரே இரண்டு பார் தாளம். அச்சுப் பிரதியில் 1 முதல் 18 வரை ஒத்திகை எண்கள் இருக்கின்றன. பதினாறு பார் மெட்டு, இரண்டு பார் வெறும் தாளம் என்று அந்த இசை சுற்றிச் சுற்றி வருவதால் எண்களும் அந்தச் சுற்றையே பின்பற்றுகின்றன. அந்த டிரம்காரரின் தாளில் அடையாளம் என்று சொல்ல வேறு எதுவும் இல்லை.

எத்தனை பாருக்கு ஒன்று என்ற கேள்விக்கு உறுதியான பதில் கிடையாது. பத்து முதல் இருபது பார் என்பது பலரும் சொல்லும் அளவு, என் அனுபவமும் அதையொட்டியே இருக்கிறது. ஆனால் பாரின் எண்ணிக்கையைவிட அது ஓடும் நேரம்தான் கணக்கு. மெதுவான நான்கு தட்டு இசையில் பன்னிரண்டு பார் ஒரு நிமிடத்துக்கு வரும், வேகமான இரண்டு தட்டு இசையில் இருபது பார் மூச்சு விடுவதற்குள் போய்விடும். முன்னதற்கு அடிக்கடி வேண்டும், பின்னதற்கு வேண்டாம். ஆறு பாருக்கு ஒன்று, ஏழு பாருக்கு ஒன்று என்று நெருக்கினால் பார்ட் முழுக்கக் கட்டங்களாகி, எது பெரிய திருப்பம் என்பதே தெரியாமல் போய்விடும்.

இன்னொரு கோணத்திலும் இடத்தைச் சோதித்துப் பார்க்கலாம்: நடத்துநர் எங்கே நிறுத்துவார்? கடினமான ஓட்டம் ஒன்று இருக்கிறது, முதல் வாசிப்பில் நிச்சயம் கலையும். அங்கே நிறுத்திவிட்டு எங்கிருந்து மறுபடி தொடங்குவார்? கடினமான பாரிலிருந்தே யாரும் தொடங்குவதில்லை. நான்கைந்து பார் முன்னால், ஒரு சொற்றொடரின் தலையிலிருந்து தொடங்குவார்கள். குறி அந்தத் தலையில் இருக்கட்டும். வேகம் கூடிக்கொண்டே போகும் பகுதியின் நடுவில் குறி வைக்காதீர்கள். அங்கிருந்து தொடங்கினால் எந்த வேகத்தில் தொடங்குவது என்று யாருக்கும் தெரியாது. கூடத் தொடங்கும் இடத்திலும் புதிய வேகம் நிலைபெறும் இடத்திலும் வையுங்கள். மெட்டு முந்தைய பாரின் கடைசித் தட்டிலேயே எடுப்பாகத் தொடங்கினாலும், குறி முழுப் பாரின் கோட்டுக்கு மேல்தான் நிற்க வேண்டும், எடுப்பின் தலையில் அல்ல. “சி, எடுப்போடு” என்று நடத்துநர் வாயால் சொல்லிக்கொள்வார்.

முன்னால் எண்ணுவதற்கும் பின்னால் எண்ணுவதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. புதிதாக எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. “எஃப்புக்கு ஐந்து பார் முன்னால்” என்றால் அது 87 மட்டுமே, வாதத்துக்கு இடமில்லை. “எஃப்புக்கு ஐந்து பார் பின்னால்” என்றால்? எஃப் நிற்கும் பாரையே ஒன்று என்று எண்ணுகிறவருக்கு அது 96, அதைக் கழித்துவிட்டு எண்ணுகிறவருக்கு 97. ஒரே மேடையில் இரண்டு கட்சியும் இருக்கும். பழகிய நடத்துநர்கள் “எஃப்பின் ஐந்தாவது பார்” என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். ஆனால் நீங்கள் எழுதுவது மாணவர்களுக்கு, நடத்துபவர் யார் என்பதும் உங்கள் கையில் இல்லை. எனவே குறிகளோடு ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பார் எண்ணையும் போட்டுவிடுங்கள். ஆர்கெஸ்ட்ரா நூலகர்களின் சங்கமான மோலா, 1983-இல் தொடங்கப்பட்டது, தன் வழிகாட்டுதலில் இரண்டையுமே பரிந்துரைக்கிறது. பார் எண் இருந்தால் குறி எதற்கு என்று வாதிடுபவர்கள் உண்டு. திரைப்பட ஒலிப்பதிவுகளில் ஒவ்வொரு பாருக்கும் எண் போட்டு, குறிகளைக் குறைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது, அங்கே அது நன்றாகவே ஓடுகிறது. நாள் முழுக்கத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பவர்கள் அவர்கள். மாணவர்களுக்குக் கண்ணில் அறையும் எழுத்து வேண்டும்.

இனி எழுத்தா, எண்ணா. முதலில் உறுதியானதைச் சொல்கிறேன். ஒத்திகைக் குறியாக எண்ணையும், கூடவே பார் எண்ணையும் போட்டால் குழப்பம் வந்தே தீரும். “நாற்பத்தைந்திலிருந்து” என்று நடத்துநர் சொன்னதும் பாதிப் பேர் 45-ஆம் குறிக்கும் பாதிப் பேர் 45-ஆம் பாருக்கும் போவார்கள். பார் எண் இருக்கும் பிரதியில் குறி எழுத்தாக இருப்பதே நல்லது. அல்லது குறியே பார் எண்ணாக இருக்கட்டும், அதாவது 41-ஆம் பாரில் கட்டத்துக்குள் 41 என்றே போடுவது. பார்ட்டோக்கின் ‘ஆர்கெஸ்ட்ராவுக்கான கச்சேரி’யில் எல்லோரும் பார் எண்ணை வைத்தே பேசிக்கொள்கிறார்கள், யாருக்கும் குறை இல்லை. எண்களுக்கு நியாயமான இடமும் உண்டு. நீண்ட படைப்பில் இருபத்தாறு எழுத்து எந்த மூலைக்கு? ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தத்தின் சடங்கு’ 1913-இல் மேடையேறியது. அதன் எண்கள் இருநூறைத் தாண்டி, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே சரமாக ஓடுகின்றன. 13 என்றால் அந்த முரட்டு நாண்கள் தொடங்கும் இடம், 142 என்றால் கடைசிப் பலி நடனம் என்று வாசிப்பவர்கள் எண்ணாலேயே அதைப் பேசுவார்கள். உங்களுடையது பதினான்கு நிமிடம். எழுத்து போதும்.

எழுத்து என்று முடிவானால் ‘ஐ’யை விட்டுவிடுவது பழைய வழக்கம், ஏனென்றால் அச்சில் அது ஒன்று என்ற எண்ணைப் போலிருக்கும். ‘ஓ’வைச் சுழியத்துக்குப் பயந்து சிலர் விடுவார்கள், சிலர் விடுவதில்லை. இரண்டுமே சரி. லில்லிபாண்ட் மென்பொருள் ‘ஐ’யைத் தானாகவே தாண்டிவிடும், மற்றவற்றில் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘இசட்’டுக்குப் பிறகு ‘ஏஏ’, ‘பிபி’ என்று போவதை ‘ஏ1’, ‘பி1’ என்பதைவிட விரும்புகிறேன். ‘ஏ1’ என்று கூவினால் ‘ஏ’க்கு ஒரு பார் தள்ளி என்று கேட்கிற காதுகள் இருக்கின்றன. முதல் பாரிலேயே ‘ஏ’ போடலாமா என்பதில் இரண்டு பள்ளிகள் உண்டு. ஜாஸ், மேடை இசைப் பக்கம் போடுவார்கள். ஆர்கெஸ்ட்ராப் பிரதியில் நான் போடுவதில்லை. “முதலிலிருந்து” என்ற ஒரு சொல் இருக்கும்போது ஓர் எழுத்தை ஏன் செலவழிக்க வேண்டும்?

மூன்று பகுதிகளுக்கும் எழுத்து தொடர்வதா, ஒவ்வொன்றிலும் ‘ஏ’யிலிருந்து புதிதாகத் தொடங்குவதா என்றால், பகுதிகளுக்கு இடையில் நிறுத்தம் இருக்கும்வரை புதிதாகத் தொடங்குங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் நிறுத்தமின்றி ஒட்டியிருந்தால் அந்த இரண்டுக்கும் தொடர்ச்சியாகப் போடுங்கள். இது என் தனிப்பட்ட தேர்வுதான், மாற்றிச் செய்பவர்களிடமும் தவறு இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். பார்ட்டுகளை அனுப்பிய பிறகு குறிகளின் பெயர் மாறவே கூடாது. ஒத்திகை தொடங்கியபின் ‘டி’க்கும் ‘இ’க்கும் நடுவில் இன்னொரு குறி வேண்டும் என்று நடத்துநர் கேட்பார், நியாயமாகவே கேட்பார். சிபேலியஸ், டொரிக்கோ ஆகிய மென்பொருள்களில் குறிகள் உயிருள்ள வரிசை. நடுவில் ஒன்றை நுழைத்தால் பழைய ‘இ’ உடனே ‘எஃப்’ ஆகிவிடும், அதற்குப் பின்னுள்ள எல்லாம் ஒவ்வொன்று நகரும். நீங்கள் திருத்திய இரண்டே இரண்டு பார்ட்டுகளை மட்டும் புதிதாக அனுப்பினால் மேடையில் இரண்டு விதமான ‘எஃப்’ இருக்கும். அப்படி நடந்த ஓர் ஒத்திகையில் அரை மணி நேரம், யாருடைய தாளில் எது எங்கே என்று கண்டுபிடிப்பதிலேயே கழிந்ததைப் பார்த்திருக்கிறேன். புதியதை ‘டி1’ என்று வைத்து மற்றவற்றைத் தொடாமல் விடுங்கள். இங்கே மட்டும் நான் மேலே சொன்ன ‘ஏ1’ ஆட்சேபத்தை ஒதுக்கிவைக்கிறேன், வேறு வழியில்லை. டொரிக்கோவில் புதிய குறிக்கு ‘டி’யின் வரிசை எண்ணையே கொடுத்து, பின்னொட்டாக 1 சேர்த்தால் அடுத்தது ‘இ’யாகவே நிற்கும். சிபேலியஸில் குறி போடும்போதே எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்ல வழி உண்டு. அதே போல ஒரு பகுதியை வெட்டி எறிந்தால், அதோடு போன எழுத்து போனதாகவே இருக்கட்டும். ‘சி’க்கு அடுத்து ‘இ’ வந்தால் யாரும் சாக மாட்டார்கள்.

மியூஸ்ஸ்கோர் இந்த விஷயத்தில் கொஞ்சம் சோம்பேறி, அதுவே இங்கே நல்லதாகிவிடுகிறது. கன்ட்ரோல் எம் அழுத்தும்போது அடுத்த எழுத்தைத் தருகிறது, ஆனால் ஏற்கெனவே போட்டவற்றைத் தானாக மாற்றுவதில்லை. டூல்ஸ் மெனுவில் குறிகளை மறுவரிசைப்படுத்தும் கட்டளை ஒன்று இருக்கிறது, அதைச் சொடுக்கினால்தான் எல்லாம் வரிசைக்கு வரும். முதல் குறி எழுத்தாக இருந்தால் எழுத்து வரிசை. முதல் குறியில் இருக்கும் எண் அந்தப் பாரின் எண்ணாகவே இருந்தால் எல்லாவற்றையும் பார் எண்ணாக மாற்றிவிடும். எழுதும்போது தாராளமாகப் பயன்படுத்துங்கள். பார்ட்டுகள் கையைவிட்டுப் போன பிறகு அந்தக் கட்டளைப் பக்கமே போகாதீர்கள்.

வேறு மென்பொருளில் வேலை செய்யும் நண்பர்களுக்காக: சிபேலியஸில் கன்ட்ரோல் ஆர், டொரிக்கோவில் ஷிஃப்ட் ஏ. ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்ததிலிருந்து பலர் பழைய கோப்புகளை மியூசிக் எக்ஸ்எம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவத்தின் வழியாக வேறு மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வடிவத்தில் ஒத்திகைக் குறிக்கென்றே தனி இடம் இருக்கிறது. ஆனால் மூலக் கோப்பில் யாராவது உங்களைப் போல வெறும் எழுத்தைக் கட்டத்துக்குள் போட்டிருந்தால் அது இங்கேயும் வெறும் எழுத்தாகவே வந்து இறங்கும். கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை ஒன்று உண்டு: நீண்ட ஓய்வுள்ள பார்ட்டைத் திறந்து பாருங்கள். குறி இருக்க வேண்டிய இடத்தில் ஓய்வு உடையாமல் ஓடினால் அது போலி.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடித்த எழுத்து, சதுரக் கட்டம், தாளில் இருக்கும் மற்ற எல்லா எழுத்தையும்விடப் பெரிது. பார் எண் சிறியதாக, கட்டமில்லாமல் இருக்கட்டும். வேகக் குறிப்பும் அதே பாரில் வந்தால் குறி இடப்பக்கம், வேகச் சொல் அதையடுத்து வலப்பக்கம். பெரிய ஸ்கோரில் குறி மேல் வரிக்கு மேலே மட்டும் இல்லாமல் முதல் வயலினுக்கு மேலேயும் இன்னொரு முறை வர வேண்டும். நடத்துநரின் கண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சிபேலியஸிலும் டொரிக்கோவிலும் அதற்கு அமைப்பு உண்டு, மியூஸ்ஸ்கோரின் புதிய பதிப்புகளிலும் வந்துவிட்டது. வயலின் வரியில் கையால் இன்னொரு கட்டத்தை ஒட்டாதீர்கள், வயலின் பார்ட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வரும்.

ஒவ்வொரு குறியிலும் இரட்டைக் கோடு போடுவதா என்பது ருசி சார்ந்தது. சில பதிப்பகத்தார் போடுவார்கள். சுருதியோ வேகமோ பகுதியோ உண்மையில் மாறும் இடத்துக்கு மட்டும் இரட்டைக் கோட்டை வைத்துக்கொள்வது என் வழக்கம், ஏனென்றால் அப்போது அந்தக் கோடு வாசிப்பவருக்குத் தனியாக ஒரு செய்தி சொல்கிறது. இன்னொன்று, இரட்டைக் கோடும் நீண்ட ஓய்வை உடைக்கும். குறி இல்லாத இடத்தில் அநாவசியமாகப் போட்டால் பெயரில்லாத துண்டுகளாக ஓய்வு சிதறும்.

இந்தக் குறிகளை முதலில் புகுத்தியவர் ஜெர்மானிய வயலின் கலைஞர் லூயி ஸ்போர் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1784-இல் பிறந்து 1859-இல் இறந்தவர். வயலினின் தாடைப் பலகையையும் அவர் கணக்கில்தான் எழுதுகிறார்கள். ‘முதலில்’ என்ற சொல்லுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் தன் பார்ட்டோடு மேடையில் உட்கார்ந்து எண்ணிய ஒருவர் யோசித்த யோசனை இது என்பதை நம்புவதில் எனக்குச் சிரமமில்லை.

கடைசியாக உங்கள் இரண்டாம் பகுதி. 46 பார், மிக மெதுவானது, எல்லோரும் ஏறக்குறைய தொடர்ந்து வாசிக்கிறார்கள், இதற்கும் குறி தேவையா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தேவைதான், மூன்று போதும். ஹார்ன் தனியாக நுழையும் இடத்தில் ஒன்று, வயலின்களின் மெட்டு திரும்பி வரும் இடத்தில் ஒன்று, கடைசியில் எல்லாம் அடங்கத் தொடங்கும் இடத்தில் ஒன்று. நான்காவதாக ஒன்றைப் போட ஆசை வந்தால் ஹார்ப் பார்ட்டைத் திறந்து பாருங்கள். அவருக்கு அங்கே பத்து பாருக்கு மேல் ஓய்வு இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.